அறுபத்தோரு வருஷம் இருந்த மாவட்டமும் நம்ம கோவில் ஃபைலும்

ஓம் சக்தி. 

மாசி மகம் வருது. ஈப்போவிலிருந்தும் சுற்றியிருக்கிற பழைய தோட்டப் பக்கங்களிலிருந்தும் வழக்கம்போல பஸ் பிடித்து, லூமுட் ஜெட்டியில் வரிசையில் நின்று, ஃபெரி ஏறி, பங்கோர் ஸ்ரீ பத்திரகாளியம்மனைப் பார்க்கப் போவோம். பால்குடம், காவடி, அன்னதானம், பஸ் புறப்படும் நேரம் எல்லாவற்றுக்கும் தனிப் பதிவு வரும். இது வேற விஷயம். கொஞ்சம் நீளம்தான். பொறுமையா படிங்க. படித்துவிட்டு உங்க கோவில் தலைவர், செயலாளர் கண்ணில் படுற மாதிரி பகிருங்க.

நாம ஃபெரி ஏறுகிற லூமுட்டும், இறங்குகிற பங்கோரும் ஒரு காலத்தில் பேராக்கே கிடையாது. தெரியுமா?

1874-லிருந்து 1935 வரை, அறுபத்தோரு வருஷம், அந்தப் பகுதிக்குப் பேர் டிண்டிங்ஸ். பேராக் சுல்தான் ஆட்சியில் இல்லை. பினாங்கோடு சேர்ந்த ஒரு துண்டு. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றையும் சேர்த்து வெள்ளைக்காரன் நேரடியா ஆண்டானே, ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்னு சொல்வாங்க, அதைச் சேர்ந்தது. அதாவது ஈப்போவிலிருந்து லூமுட்டுக்குப் போற வழியில், ஓரிடத்தில் பேராக் முடிந்து பிரிட்டிஷ் காலனி ஆரம்பிக்கும். இன்றைக்கு அந்தக் கோட்டைக் காட்டச் சொன்னா நம்மில் எத்தனை பேரால் காட்ட முடியும்?

கங்கா நகரம் பற்றிப் பேச ஆள் இருக்கு. புருவாஸ் மியூசியத்துக்குப் போய் படம் எடுத்துப் போடுறோம். ராஜேந்திர சோழன் கப்பல் படை பற்றி வாட்ஸ்அப்பில் வாரம் ஒரு செய்தி வருது. சந்தோஷம். ஆனா ஆயிரம் வருஷத்துக்கு முந்தியதைப் பேசுற நாம, நம்ம தாத்தா பாட்டி வாழ்ந்த காலத்தில் இருந்த ஒரு மாவட்டத்தை மறந்துட்டோம். சோழன் கதை நம்ம கோவில் நிலத்தைக் காப்பாத்தாது. டிண்டிங்ஸ் கதை காப்பாத்தும். எப்படினு சொல்றோம்.

முதல்ல கதை என்னனு பார்ப்போம்.

பங்கோர் தீவு மேல வெளிநாட்டுக்காரனுக்கு ரொம்ப நாளாவே கண். 1670-இல் டச்சுக்காரன் ஈயத்துக்காக அங்கே கோட்டை கட்டினான். உள்ளூர் மக்கள் தாக்கி விரட்டினாங்க. அந்தக் கோட்டை இப்பவும் தெலுக் கெடோங்கில் இருக்கு, தீவைச் சுத்திப் பார்க்கப் போனவங்க பார்த்திருப்பீங்க. அப்புறம் 1826-இல் பிரிட்டிஷ் கம்பெனிக்காரன், கடற்கொள்ளையை அடக்கணும்னு காரணம் சொல்லி, பேராக் சுல்தானிடமிருந்து பங்கோரையும் செம்பிலான் தீவுகளையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினான். வாங்கினானே தவிர, பெரிசா ஒண்ணும் செய்யலை.

1874 ஜனவரி 20. பங்கோர் ஒப்பந்தம். இது பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்தது. லாருட்டில் ஈயத்துக்காகச் சீனர் கூட்டங்கள் சண்டை, பேராக் அரியணைக்கு யார் வாரிசுனு இன்னொரு சண்டை. கவர்னர் ஆண்ட்ரூ கிளார்க் வந்து ராஜா அப்துல்லாவை சுல்தானாக ஏற்றுக்கொண்டு, பதிலுக்கு ஒரு வெள்ளைக்கார ரெசிடெண்ட்டின் ஆலோசனையை அவர் கேட்டு நடக்கணும்னு கையெழுத்து வாங்கினார். நாம பரீட்சைக்குப் படித்தது இவ்வளவுதான். அதே ஒப்பந்தத்தில் இன்னொரு வேலையும் நடந்தது. 1826 ஒப்பந்தத்தின் எல்லையைச் 'சரி செய்யறோம்'னு சொல்லி, தீவுகளுக்கு எதிரே இருந்த கரைப்பகுதியையும் காலனியோடு சேர்த்துக்கிட்டாங்க. டிண்டிங்ஸ் பிறந்தது அப்படித்தான். மலாயில் டிண்டிங் என்றால் சுவர். பேருக்கு ஏத்த மாதிரி நடுவில் ஒரு சுவர் விழுந்தது.

அந்த ஒப்பந்தத்தில் சம்பந்தப்பட்ட யாருக்கும் நிம்மதி இல்லை. முதல் ரெசிடெண்ட் பர்ச் 1875 நவம்பரில் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். சுல்தான் அப்துல்லாவை 1877-இல் சீஷெல்ஸ் தீவுக்கு நாடு கடத்தினாங்க. டிண்டிங்ஸை நிர்வகிக்க வைத்த கேப்டன் லாயிட் 1878-இல் பங்கோரிலேயே கொல்லப்பட்டார். இவ்வளவு நடந்தும் டிண்டிங்ஸ் அவங்க நினைத்த மாதிரி பெரிய துறைமுகமாக ஆகலை. பெரிய வருமானமும் வரலை. கடைசியில் 1935 பிப்ரவரியில், சுல்தான் இஸ்கந்தர் காலத்தில், பேராக்குக்கே திருப்பிக் கொடுத்துட்டாங்க. அப்புறம் டிண்டிங்ஸ் பேராக்கின் ஒரு மாவட்டம். 1982-இல் அந்தப் பேரும் போய் மஞ்சோங் ஆச்சு. வெள்ளைக்காரன் கட்டாமல் விட்ட கடற்படைத் தளத்தைப் பின்னாளில் நம்ம நாடு அதே லூமுட்டில் கட்டியது. அது தனிக் கதை.

எங்க தொண்டர் குழுவில் பாதிப் பேர் ஃபேக்டரியில் வேலை செய்றவங்க. ஷிஃப்ட் மாறும்போது என்ன செய்வோம்? லாக் புக்கைத் திறந்து, எந்த மெஷின் ஓடுது, எது நின்னிருக்கு, எது பாதியில இருக்குனு எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் அடுத்த ஷிஃப்ட்டிடம் கொடுப்போம். எழுதாத விஷயம் அடுத்த ஷிஃப்ட்டுக்குத் தெரியாது. ஆடிட்டர் வந்து கேட்டா, எழுதாதது நடக்கவே இல்லை. கணக்கு அவ்வளவுதான்.

ஆட்சி மாறுவதும் ஒரு ஷிஃப்ட் மாற்றம்தான். சுல்தான், கவர்னர், ரெசிடெண்ட், நிலத்துக்குச் சொந்தக்காரர், கம்பெனி எல்லாரும் ஒருவரிடமிருந்து ஒருவர் எழுதித்தான் வாங்கினாங்க. எழுதித்தான் கொடுத்தாங்க. பால்மரம் சீவின நம்ம ஆட்களை மட்டும் யாரும் கூப்பிட்டுக் கையெழுத்துக் கேட்கலை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. 1930-இல் லூமுட்டில் ஒரு குழந்தை பிறக்குதுனு வைங்க. அது பிறந்தது ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்டில். அஞ்சு வயசில் அதே வீடு பேராக் ஆயிடுச்சு. பதினோரு பன்னிரண்டு வயசில் ஜப்பான்காரன். 1945-இல் பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம். 1946-இல் மலாயன் யூனியன். 1948-இல் மலாயாக் கூட்டரசு. 1957-இல் மெர்டேக்கா. 1963-இல் மலேசியா. முப்பத்து மூணு வயசுக்குள் எட்டு ஆட்சி. வீட்டை விட்டு ஒரு அடி நகரலை. எட்டு விதமான ஆபீஸ், எட்டு விதமான முத்திரை.

ஜப்பான்காரன் காலத்தில் வருஷத்தையே மாத்திட்டாங்க, தெரியுமா? கடிகாரத்தைத் தோக்கியோ நேரத்துக்கு வைத்தாங்க. 1942-ஐ 2602-னு எழுதினாங்க. உங்க வீட்டுப் பழைய பெட்டியில் 2602, 2603-னு தேதி போட்ட காகிதம் கிடைத்தால், தப்பா அச்சடிச்சிருக்குனு குப்பையில் போட்டுடாதீங்க. அது 1942, 1943. அதே காலத்தில்தான் நம்ம தோட்டத்து ஆட்களைச் சயாம் மரண ரயில் வேலைக்குக் கொண்டுபோனாங்க. திரும்பி வராதவங்க எத்தனையோ பேர். கோவில் எப்போ கட்டினது, யார் கட்டினது, எந்த துரை அனுமதி கொடுத்தார்னு மனசில் வைத்திருந்தவங்களும் அதில் இருந்திருப்பாங்க. அவங்களோடு அந்தச் செய்தியும் போச்சு.

இதெல்லாம் பழங்கதைதானே, இன்றைக்கு என்ன வந்ததுனு கேட்கலாம். மூணு விஷயம் சொல்றோம்.

முதலாவது, கோவில் நிர்வாகம். ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்டில் 1905-இல் முகமதிய, இந்து அறநிலையச் சட்டம்னு ஒண்ணு வந்தது. கோவில் சொத்து, பள்ளிவாசல் சொத்து வீணாகாமல் பார்த்துக்க அரசாங்கம் வாரியம் அமைக்கலாம்னு அதில் வழி இருந்தது. இன்றைக்குப் பினாங்கில் இந்து அறப்பணி வாரியம் இருக்கே, சிங்கப்பூரில் இந்து அறக்கட்டளை வாரியம் இருக்கே, இரண்டுக்கும் வேர் அந்தச் சட்டம்தான். அது காலனிச் சட்டம். பேராக் காலனி இல்லை, சுல்தானுடைய மாநிலம். அதனால் அந்தச் சட்டம் பேராக்குக்கு வரலை. இன்றைக்கும் பேராக்கில் அப்படிச் சட்டத்தால் அமைந்த இந்து வாரியம் கிடையாது. அந்தச் சட்டம் வந்த காலத்தில் டிண்டிங்ஸ் காலனி பக்கம். முப்பது வருஷம் கழித்து வாரியம் இல்லாத பக்கம் வந்துடுச்சு. நூறு வருஷத்துக்கு முன்னால யாரோ வரைபடத்தில் போட்ட கோடு, இன்றைக்குப் பாரிட் புந்தார் கோவிலுக்கும் பக்கத்திலேயே இருக்கிற நிபோங் திபால் கோவிலுக்கும் இடையில் வித்தியாசமா நிற்குது. பினாங்குக்காரங்க மேல பொறாமை இல்லை. ஆனா நமக்கு அப்படி ஒரு குடை இல்லைனா, நம்ம ஃபைலை நாமதான் பார்த்துக்கணும். அதைப் புரிஞ்சுக்கணும்.

இரண்டாவது, நிலம். காலனியில் ஆங்கிலேயர் பாணிப் பத்திர முறை. பேராக்கில் பதிவேட்டு முறை. பதிவேட்டில் யார் பேர் இருக்கோ அவர்தான் சொந்தக்காரர். சுதந்திரத்துக்குப் பிறகு 1965-இல் வந்த தேசிய நிலச் சட்டமும் இந்தப் பதிவேட்டு முறையில்தான் நிற்குது. அதில் 48-ஆம் பிரிவை ஒவ்வொரு கோவில் கமிட்டியும் மனப்பாடம் பண்ணணும். அரசு நிலத்தில் எத்தனை காலம் இருந்தாலும் சரி, இருந்த ஒரே காரணத்துக்காக உரிமை வராது. தனியார் நிலத்திலும் அப்படித்தான், பதிவேட்டில் இருக்கிற பேரை நாம இருந்த வருஷக் கணக்கு அழிக்காது. 'நூறு வருஷக் கோவில்'னு நாம பெருமையாச் சொல்றோம். பக்தியில் அது பெரிய வார்த்தை. நில ஆபீஸ் கவுண்டரில் அந்த நூறுக்கு மதிப்பு ரொம்பக் குறைவு. இந்த உண்மை கசக்கும். ஆனா தெரிஞ்சிருக்கணும்.

மூணாவது, ஆள். 1948-இல் மலாயாக் கூட்டரசு வந்தபோது, பினாங்கிலோ மலாக்காவிலோ பிறந்து இங்கேயே நிலையாக வாழ்கிற பிரிட்டிஷ் பிரஜைக்குக் குடியுரிமைக்கு ஒரு வழி இருந்தது. பேராக் மாதிரி மாநிலத்தில் பிறந்த இந்தியனுக்கு வேற வழி, அது கடினமான வழி. பிறந்த இடம் கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமானு பார்த்தாங்க. எப்போ பிறந்தாய், எங்கே பிறந்தாய், அப்பன் எங்கே பிறந்தான், காகிதம் எங்கேனு கேட்டாங்க. அன்றைக்குப் பதில் இல்லாத குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் சிலர் இன்றைக்கும் சிவப்பு ஐசியோடு நம்ம கோவில் வரிசையில் நிற்கிறாங்க. அன்னதானத்தில் நாமதான் அவங்களுக்குச் சோறு போடுறோம். ஆகவே இது பழங்கதை இல்லை.

இப்போ தோட்டக் கோவில்களுக்கு வருவோம். நம்மில் பலருக்குப் பிறந்த வீடு லயத்து வீடுதான்.

கோலகங்சாரில் மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய கித்தா மரம் நிற்குது. 1877-இல் ஹியூ லோ நட்ட மரம்னு போர்டு வைத்துப் பாதுகாக்கிறாங்க. ஒரு மரத்துக்கு வருஷம் இருக்கு, நட்டவர் பேர் இருக்கு, வேலி இருக்கு. அந்த மரத்தின் வாரிசுகளைச் சீவ வந்த லட்சக்கணக்கான நம்ம ஆட்கள் வைத்த முனீஸ்வரன் கல்லுக்கும், மாரியம்மன் கொட்டகைக்கும் என்ன எழுத்து இருக்கு? கங்காணி போய் துரையிடம் கேட்டார், துரை தலையாட்டினார். அவ்வளவுதான் ஆவணம். அந்த துரை ஊருக்குப் போயிட்டார். கம்பெனி கை மாறிடுச்சு. கித்தா போய் செம்பனை வந்தது. செம்பனை போய் தாமான் வந்தது. ஒவ்வொரு கை மாறும்போதும் கோவில் மட்டும் 'வாய்மொழி'யிலேயே நின்னுச்சு.

இது நடக்கும்னு முன்கூட்டியே பார்த்தவர் நம்ம பேராக்காரர்தான். சுங்கை சிப்புட் துன் வீ.தி. சம்பந்தன். ஐம்பதுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டா வித்துட்டுப் போக ஆரம்பிச்சாங்க. தொழிலாளி மாசம் பத்து வெள்ளி போட்டால் நாமே தோட்டம் வாங்கலாம்னு சொல்லி, 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார். தோட்டம் தோட்டமா நடந்து ஆள் சேர்த்தார். அவர் கேட்டது பணம் மட்டும் இல்லை. நிலப்பட்டாவில் நம்ம பேர் இருக்கணும்னு அவர் சொன்னார். அறுபது வருஷத்துக்கு மேல் ஆச்சு. கோவில் விஷயத்தில் அந்தப் பாடம் இன்னும் பாதிதான் நடந்திருக்கு.

எங்களுக்குத் தெரிந்த இரண்டு கோவில்களைச் சொல்றோம். பேர் வேண்டாம், யாரையும் சங்கடப்படுத்த இல்லை. இரண்டும் பழைய தோட்டக் கோவில். இரண்டு தோட்டமும் வீடமைப்புக்கு விற்கப்பட்டது. முதல் கோவிலில் ஒரு பாட்டி தகரப் பெட்டியில் திருவிழா நோட்டீஸ்களைப் பத்திரமா வைத்திருந்தாங்க. பழையதில் 1958-னு அச்சாகியிருந்தது. வரவு செலவு நோட்டுப் புத்தகம் ஒண்ணு, அதில் தோட்ட ஆபீஸ் முத்திரை. கிராணி கையெழுத்து. கமிட்டி அதை வைத்துப் பேசினாங்க. முழு வெற்றினு சொல்ல முடியாது. கோவில் இடம் மாறித்தான் ஆகணும்னு ஆச்சு. ஆனா புது இடம் எழுத்தில் கிடைத்தது, கோவில் பேரில். இரண்டாவது கோவிலில் எல்லாரும் கோபமா இருந்தாங்க, எல்லாரும் அழுதாங்க, காகிதம் ஒண்ணும் இல்லை. இன்றைக்கு அந்தச் சாமி ஒருத்தர் வீட்டுப் பின்பக்கம், துணி காயப்போடுற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கு. இரண்டு கோவிலுக்கும் பக்தியில் குறைவு இல்லை. வித்தியாசம் ஒரு தகரப் பெட்டி.

சிலர் சொல்வாங்க: 'சாமி இருக்கு, சாமி பார்த்துக்கும். காகிதம் எதுக்கு?' நாங்களும் சாமியை நம்பித்தான் வெயிலில் மோர்ப் பந்தல் போடுறோம். ஆனா பழைய கோவில்களில் நம்ம முன்னோர் என்ன செய்தாங்க? தஞ்சாவூர் பெரிய கோவிலைப் போய்ப் பாருங்க. யார் என்ன கொடுத்தாங்க, எந்த ஊர் நிலம், எத்தனை விளக்கு, யாருக்கு என்ன கூலினு சுவர் முழுக்கக் கல்லில் வெட்டி வைத்திருக்காங்க. ராஜாவுக்குச் சாமி மேல நம்பிக்கை இல்லாமலா கல்லில் எழுதினார்? எழுதி வைப்பதும் கோவில் தொண்டுதான். நம்ம மரபே அப்படித்தான்.

இன்னும் சிலர் சொல்வாங்க: 'பழசைக் கிண்டாதீங்க, அரசியல் ஆயிடும், இருக்கிறதும் போயிடும்.' இந்தப் பயம் நியாயமான பயம்தான், சிரிக்கிற விஷயம் இல்லை. ஆனா நாங்க சொல்றது யாரோடும் சண்டைக்குப் போறது இல்லை. கொடி பிடிக்கிறது இல்லை. ஃபேஸ்புக்கில் திட்டுறது இல்லை. சண்டை வந்த பிறகு காகிதம் தேடுறதுதான் அரசியல் ஆகுது. சண்டை இல்லாத நாளில் ஆபீஸ் போய், நம்பர் எடுத்து உட்கார்ந்து, மரியாதையாக் கேட்டு வாங்குற காகிதத்தில் ஒரு அரசியலும் இல்லை.

சித்தியவானைப் பாருங்க. 1903-இல் சீனாவிலிருந்து ஃபூசோவ் மக்கள் மெதடிஸ்ட் சபையோடு அங்கே குடியேறினாங்க. அந்தக் கதைக்கு அவங்க ஒரு சிறிய மியூசியமே வைத்திருக்காங்க. டச்சுக்காரன் கோட்டைக்கு வருஷம் போட்ட போர்டு இருக்கு. கித்தா மரத்துக்கும் போர்டு. அந்த வட்டாரத்தில் நம்ம ஆட்கள் காடு அழித்தாங்க, ரோடு போட்டாங்க, கித்தா வெட்டினாங்க. ஆயிரக்கணக்கில் கூடி மாசி மகமும் நடத்துறோம். கூட்டம் நம்மிடம் இருக்கு. குறிப்புதான் இல்லை.

ஆகவே எங்க வேண்டுகோள் இது. அடுத்த மாசி மகத்துக்குள் பேராக்கில் இருக்கிற ஒவ்வொரு சின்னக் கோவிலும், முக்கியமா தோட்டத்திலும் பழைய தோட்டத்து நிலத்திலும் இருக்கிற கோவில்கள், 'கோவில் ஃபைல்'னு ஒண்ணு தயார் செய்யணும். பெரிய வேலை இல்லை. ஒரு கெட்டி ஃபைல், நாலு பேர், சில சனிக்கிழமை.

1. நிலம் யார் பேரில்? முதல்ல லாட் நம்பர் கண்டுபிடிங்க. மாவட்ட நில ஆபீஸில் கட்டணம் கட்டி அதிகாரப்பூர்வமாத் தேடிப் பார்க்கச் சொன்னால் விவரம் கிடைக்கும். கம்பெனி நிலமா, அரசு நிலமா, ரிசர்வ் நிலமா, தனி ஆள் பேரா? பதில் என்னவா இருந்தாலும் எழுதி ஃபைலில் வைங்க. பிடிக்காத பதிலா இருந்தால் இன்னும் முக்கியம்.

2. கோவில் பதிவு. சங்கப் பதிவிலாகாவில் பதிவு இருக்கா, வருஷாந்திர அறிக்கை ஒழுங்காப் போயிருக்கா? பல கோவில்களில் தலைவர் மாறும்போது பாஸ்வேர்டும் சேர்ந்து போயிடுது. புது கமிட்டி பழைய கமிட்டியிடம் கையெழுத்துப் போட்டு எல்லாத்தையும் வாங்கணும். ஷிஃப்ட் மாற்றம் மாதிரி.

3. பழைய காகிதம். திருவிழா நோட்டீஸ், ரசீதுப் புத்தகம், கும்பாபிஷேக மலர், கரண்ட் பில், தண்ணி பில், தோட்ட ஆபீஸ் கடிதம், பின்னால் தேதி எழுதின போட்டோ. எதையும் லேமினேட் பண்ணாதீங்க, பழைய காகிதம் கெட்டுப் போகும். போனில் படம் எடுத்து இரண்டு இடத்தில் வைங்க. அசலைக் கோவிலில் கரையானுக்குக் கொடுக்காதீங்க.

4. பெரியவங்க குரல். எண்பது தாண்டினவங்க நம்மிடம் கொஞ்சம் பேர்தான் மிச்சம். போனை எடுத்து ரெக்கார்ட் பண்ணுங்க. எந்த டிவிஷனில் பிறந்தீங்க, கோவில் முதலில் எங்கே இருந்தது, யார் பூசாரி, எந்த துரை காலம்னு கேளுங்க. தோட்டத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பேர், நம்ம ஆட்கள் வாயில் தமிழில் ஒரு பேர் இருக்கும். இரண்டையும் சேர்த்து எழுதுங்க. காகிதத்தில் இருப்பது ஆங்கிலப் பேர், பாட்டி சொல்வது தமிழ்ப் பேர். இரண்டும் ஒரே இடம்தான்னு சொல்ல ஆள் இருக்கும்போதே குறிச்சுக்கணும்.

5. ஊர் எந்த ஆட்சியில் இருந்தது? உங்க கோவில் லூமுட், பங்கோர் பக்கம்னா, 1935-க்கு முந்திய காகிதத்தைத் தேடும்போது பேராக் மட்டும் பார்க்காதீங்க. அந்தக் காலத்தில் அது ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட், பினாங்கோடு சேர்ந்தது. பழைய பிறப்புப் பத்திரமோ நிலப் பத்திரமோ அந்தப் பேரில் இருக்கலாம். குடும்பக் காகிதத்தில் 'டிண்டிங்ஸ்'னு பார்த்தால், அது ஏதோ தெரியாத ஊர்னு ஒதுக்காதீங்க. அது நாம ஃபெரி ஏறுகிற இடம்தான்.

இந்த வேலைக்கு இளைஞர்களைக் கூப்பிடுங்க. கோவிலுக்கு வந்து போனையே பார்க்குறாங்கனு குறை சொல்றோமே, அந்தப் போனுக்கே வேலை கொடுங்க. ஸ்கேன் பண்ணத் தெரியும், மலாயில் நல்லா கடிதம் எழுதத் தெரியும், நில ஆபீஸில் பயப்படாமல் பேசத் தெரியும். பெரியவங்களுக்கு ஞாபகம் இருக்கு, பிள்ளைகளுக்குக் கருவி இருக்கு. நடுவில் இருக்கிற நம்ம வயசுக்காரங்க இரண்டு பேரையும் ஒரு மேசையில் உட்கார வைக்கணும். ஒரு காப்பி, ஒரு பொட்டலம் முறுக்கு போதும்.

டிண்டிங்ஸ் அறுபத்தோரு வருஷம் இருந்தது. கவர்னர் இருந்தார், சட்டம் இருந்தது, வரைபடத்தில் தனி இடம் இருந்தது. ஒரு பேரரசே பின்னால் நின்ற மாவட்டம். அதுவே இன்றைக்குப் பேர் இல்லாமல் போச்சு. அவ்வளவு பலம் இருந்ததே மறந்து போகும்னா, ஒரு தோட்டத்து மூலையில் தகரக் கூரைக்குக் கீழே இருக்கிற நம்ம கோவில் தானா ஞாபகத்தில் நிற்கும்னு நினைக்கலாமா? நாம எழுதி வைத்தால் நிற்கும்.

இந்த மாசி மகத்துக்குப் பஸ்ஸில் வர்றவங்க வீட்டில் இருக்கிற பழைய நோட்டீஸ், போட்டோ, கணக்குப் புத்தகம் எதுவா இருந்தாலும் எடுத்து வாங்க. எங்க தொண்டர்கள் பஸ்ஸிலேயே போனில் படம் எடுத்து, அசலை அங்கேயே உங்க கையில் திருப்பிக் கொடுத்துடுவாங்க. நகல் உங்க கோவில் ஃபைலுக்கு. காசு எதுவும் வேண்டாம். உங்க கோவிலில் ஏற்கெனவே இந்த மாதிரி ஃபைல் வைத்திருந்தால், எப்படிச் செய்தீங்கனு கீழே எழுதுங்க. மற்ற கோவில்களுக்கு உதவும்.

பெரியவங்களுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசி. அம்மா எல்லாருக்கும் துணை இருக்கட்டும்.

ஓம் சக்தி.